கட்டிங் மாஸ்டரின் முழங்கையும் பேச்சியம்மாளின் கிடாவும்

கோவில்பட்டியில் நான் பிசியோதெரபி கிளினிக் போட்ட புதிது, தொண்ணூறுகளின் கடைசி. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு நோயாளி கிடாவோடு மல்லுக்கட்டுவதை என் கிளினிக்கில் பார்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்த நோயாளி சங்கரபாண்டி அண்ணாச்சி. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்திரி பிடித்துப் பிடித்து வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. டீ கிளாஸைத் தூக்கினாலே முகம் சுண்டிவிடும். ஊசி போட்டாயிற்று, பெல்ட் மாட்டியாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

"இது முழங்கைத் தசைநார் வலி. டென்னிஸ் எல்போன்னு பேரு, அண்ணாச்சி" என்றேன்.

"நான் கிட்டிப்புள்ளு கூட ஒழுங்கா வெளாண்டதில்ல மேடம். எனக்குப் போயி டென்னிஸா?"

அல்ட்ராசவுண்ட் கருவியால் ஒத்தடம் கொடுத்தால் வலி குறையும், திரும்பவும் வரும். ஒன்றைக் கவனித்தேன். முதலாளி பேச்சை எடுத்தால் போதும், அவர் தோள் காது வரைக்கும் ஏறும், விரல்கள் இறுகும், வலியும் கூடிவிடும். முதலாளி இன்னொரு கட்டிங் மாஸ்டரை வேலைக்குச் சேர்த்திருந்தார்.

"எங் கையி போச்சு மேடம். இனி வாட்ச்மேன் வேலதான்" என்பார்.

அன்று மூட்டுவலிக்காக வந்த பேச்சியம்மாள், சந்தையில் வாங்கிய கிடாவை வாசல் கம்பியில் கட்டியிருந்தாள். அது அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலில் படுத்திருந்த அண்ணாச்சியின் வேட்டி நுனியைக் கவ்விவிட்டது.

"ஏலே, விடுலே! விடுலே!" என்று பேச்சியம்மாள் வாலைப் பிடித்து இழுத்தாள். அண்ணாச்சி இடது கையால் வேட்டியையும் வலது கையால் கொம்பையும் பிடித்தார். வேட்டியில் பாதி கிடாவின் வாயில். சிரிப்பு தாங்காமல் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சியும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கிடாவை வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்.

"கை நோவுன்னு வந்தவரா நீரு?" என்றாள் பேச்சியம்மாள்.

அண்ணாச்சி தன் வலது கையைப் பார்த்தார். "மேடம், வலிக்கலயே!"

கொஞ்ச நேரத்தில் வலி திரும்பிவிட்டது. அவர் முகம் வாடியது. "அப்போ நான் நடிக்கேன்னு நெனப்பீகளோ?"

"இல்ல அண்ணாச்சி. ஒங்க வலி நெசந்தான். ஆனா பயமும் கோவமும் சேந்து நரம்ப உசுப்பி வச்சிருக்கு. லேசாத் தொட்டாலும் பெருசாக் கத்துது. சிரிச்சப்போ அடங்குச்சு பாத்தீகளா? கை போகல."

அதன்பின் வைத்தியத்தை மாற்றினேன். தண்ணீர் பாட்டிலை மெல்லத் தூக்கி இறக்கும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, சாயங்கால நடை. கூடவே, முதலாளியிடம் நேராகப் போய்ப் பேசச் சொன்னேன்.

அடுத்த வாரம் பல்லெல்லாம் தெரிய வந்தார். "முதலாளி ஏசிப்போட்டாவ மேடம்! 'ஒமக்கு ஒத்தாசைக்குத்தாம்வே ஆள் போட்டேன், ஒம்மள யாருவே போகச் சொன்னா'ன்னு கேக்காவ!"

ஏச்சு வாங்கியதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் வலி ஒரேயடியாக ஓடவில்லை. சில நாள் கூடும், சில நாள் குறையும். பாட்டிலில் இருந்து டம்பெல்லுக்கு வந்தோம். அவர் அரைநாள் வேலைக்குப் போனார். தீபாவளி ஆர்டர் சமயத்தில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுக் கத்தினார்: "மேடம், இன்னைக்கு நாள் பூரா வெட்டுனேன்! லேசா வலிக்கத்தான் செய்யுது. ஆனா பயமில்ல!"

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். வேலையில் என்ன நடக்கிறது, எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்றும் கேளுங்கள். வலி குறையும் முன்பே பயம் குறையலாம். பயிற்சி பலிப்பது அதற்குப் பிறகுதான்.