துப்பாக்கிக் கட்டையின் மினுக்கு

ஆயுத பூஜை அன்று நான் வைத்த சந்தனப் பொட்டு, தீபாராதனை முடிவதற்குள் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அரிவாள்மணையில் நின்றது, தையல் மிஷினில் நின்றது, என் வீட்டுக்காரர் பைக்கில்கூட நின்றது. அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியில் மட்டும் நிற்கவில்லை. கற்பூர வெளிச்சம் அதன் மரக்கட்டையில் பட்டு, கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பி வந்தது. சந்தனம் சில்லாகக் கழன்று வாழையிலையில் விழுந்ததை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார்.

"ஆத்தாவே வேணாம்னுட்டா" என்றார்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊர் திரும்பிய பிறகு, எங்கள் மல்லாட்டை நிலத்தில் பன்றி இறங்கிக் கடலையைக் கிளறாமல் காக்க லைசென்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி அது. இன்று நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. ரெட்டியார்பாளையத்து வீட்டு அலமாரியில் குண்டில்லாமல் அது படுத்திருக்கிறது. ஆனாலும் வருஷா வருஷம் அப்பா உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்ப்பார். அதனால் கட்டை மினுக்காமல், மழையில் நனைந்த மரம்போல இருட்டாக இருக்கும்.

பிரான்சிலிருந்து லீவில் வந்த தம்பிக்கு அது அழுக்காகத் தெரிந்திருக்கிறது. அப்பாவைக் கண் டாக்டரிடம் நான் அழைத்துப்போயிருந்த நேரத்தில், பூஜை அறைக் கதவுக்கு வார்னிஷ் அடிக்க வந்தவரிடம் இதற்கும் அடிக்கச் சொல்லிவிட்டான். அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தானாம். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் அவனுக்குக் கார். ராத்திரி சென்னையில் விமானம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அடுத்த லீவு எப்போதோ, அதற்குள் யார் இருப்பார், யார் இருக்க மாட்டார். அப்பா வாயிலிருந்து ஒரு சொல் வாங்காமல் பிள்ளை படியிறங்கக் கூடாது. தாயே, துப்பாக்கி எப்படியாவது போகட்டும், இவர்கள் இரண்டு பேரையும் பேசவைத்துவிடு என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாது. விஜயதசமி காலையில் மறுபூஜை முடித்து, துப்பாக்கியை நகர்த்திய பிறகுதான் தம்பி கடைக்குப் போனான். தலைமுடிபோல மெல்லிய இரும்புப் பஞ்சும், ஒரு பாட்டில் ஆளிவிதை எண்ணெயும் வாங்கி வந்தான். வார்னிஷை எடுப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்தானாம். இரும்புப் பாகத்தைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, கட்டையை மட்டும் பழைய வேட்டியில் கிடத்தினான்.

அப்பா ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஐப்பசி வரப்போகிற வானம் மூட்டமாக இருந்தது. ஜன்னலில் வந்த வெளிச்சம் பால் கலந்ததுபோல இருந்தது. இரும்புப் பஞ்சு உரசும் சத்தம், யாரோ தூரத்தில் அரிசி களைவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் வருவதுபோலவும், தூக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்ப்பதுபோலவும் இருந்தது.

"நாரு ஓடுற பக்கமா தேய்க்கச் சொல்லு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல், என்னிடம். "குறுக்கால தேய்ச்சா கோடு விழும்."

"அவன் பக்கத்துலதானப்பா இருக்கான்."

"தெரியும். நீ சொல்லு."

"டேய், நாரு ஓடுற பக்கமா தேய்க்கணுமாம்."

"கேட்டுச்சுக்கா. அழுத்தித் தேய்க்கணுமான்னு கேளு."

"அழுத்த வேணாம்னு சொல்லு. வார்னிஷ் மட்டும் எறங்கினாப் போதும். மரத்தச் சுரண்டச் சொல்லல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி மினுக்கிக்கிட்டுப் போனா பன்னி என்ன, கொக்குகூட பாத்துட்டு பறந்துடும். வேட்டைக்குப் போறதா, கல்யாணத்துக்குப் போறதா, கேளு அவன" என்றார்.

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மெதுமெதுவாகக் கட்டையின் கண்ணாடி மினுக்கு மங்கியது. முதலில் ஜன்னல் கம்பிகள் அதில் தெரிந்துகொண்டிருந்தன. பிறகு கம்பிகள் கரைந்து, வெறும் வெளிச்சமாகி, அந்த வெளிச்சமும் பனி மூடியதுபோல அடங்கியது. ஈரத் துணியால் தூசைத் துடைத்து, காய்ந்த பிறகு தம்பி எண்ணெய் தொட்டான். சாம்பல் பூத்தாற்போல இருந்த மரத்தில் கறுப்பு ரேகைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அந்த வாசனை வீடெல்லாம் பரவியது. அப்பா மூக்கு அசைந்தது. கண்ணைத் திறந்தார்.

எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிறது. கட்டையின் பள்ளத்தில், தன் கன்னம் வைக்கும் இடத்தில், விரலை வைத்துப் பார்த்தார்.

"டேய்" என்றார். என்னைப் பார்த்து இல்லை. "விரல் நுனியால தடவுறியே, பூனைக்குட்டிக்கா தடவுற? உள்ளங்கைய வெச்சு அழுத்துடா. சூடு ஏறணும், அப்பதான் எண்ணெய குடிக்கும்."

"சரிப்பா."

"என்ன சரிப்பா. இப்படி." தம்பியின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுவதுபோலில்லாமல், காதுக்குள்ளேயே பெய்வதுபோல ஒரு மழை. இரண்டு கைகளும் போய்ப் போய் வந்தன. எது அப்பாவுடையது, எது தம்பியுடையது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் சாம்பார் இருப்பதே மறந்துபோயிற்று.

வாசலில் ஹாரன் அடித்தது. தம்பி எழப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் யாரு முடிப்பா, உங்க தாத்தனா?" என்றார் அப்பா. "உக்காரு. ஏரோப்ளேன் எங்கயும் ஓடிடாது."

"ஓடிடும்ப்பா, அதுதான் அதோட வேலையே."

அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்கு ஒரு டம்ளர் காபியோடு வாசலுக்குப் போனேன். "லேட்டாகுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன். "உள்ள பேசிக்கிட்டிருக்காங்க."