கொன்சிங் விமானம் ஏறிய கதை

இத்பாயத் தீவின் விமான நிலையத்தில் பயணிகள் உட்கார ஒரே ஓர் அறைதான். எல்லோரும் முழங்கால் இடிக்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், அங்கே அறிவிப்பு வேலை பார்க்கும் கொன்சிங் கை ஒலிபெருக்கியில்தான் பேசுவாள். "பாஸ்கோ செல்லும் பயணிகளின் அன்பான கவனத்துக்கு" என்று ஆரம்பித்தால் வெளியே மேயும் ஆடுகள்கூடத் தலைதூக்கும். நடுவில் சொந்தச் சரக்கும் வரும். "பிலார், உன் பூண்டு மூட்டையைவிட நீதான் கனம். காலையில கொஞ்சம் குறைச்சுத் தின்னிருக்கலாம்" என்று ஒருமுறை அறிவித்ததில் பிலார் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

ஊரையே ஏற்றி அனுப்பிய கொன்சிங் மட்டும் விமானத்தில் கால் வைத்ததில்லை. பயம். கேட்டால், "நானும் போயிட்டா யாரு அறிவிக்கிறது?" என்பாள். பக்கத்துத் தீவிலிருக்கும் பாஸ்கோவுக்குப் படகில்தான் போவாள், குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்துக்கொண்டு.

மகள் எர்லிண்டாவுக்குப் பாஸ்கோவில் கல்யாணம். அந்த வாரம் பார்த்துக் கடல் பொங்கியது. படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், பூப்போட்ட கவுனும் கருவாட்டுக் கூடையுமாகக் கொன்சிங் விமான நிலையத்துக்கு வந்தாள். வழக்கம்போல ஒலிபெருக்கியை எடுத்து எல்லோரையும் ஏற்றினாள்.

"பயணி கொன்சோர்சியா ஹோர்காஹோ உடனே விமானத்துக்கு வரவும்" என்று தன் முழுப்பெயரையே அறிவித்தாள். நகரவில்லை. "கடைசி அழைப்பு" என்றாள். பிறகு, "மிக மிகக் கடைசி அழைப்பு."

விமானி லியாண்ட்ரோ இறங்கி வந்தான். "யாரு அக்கா அந்தப் பயணி?"

"ஆளைக் காணோம் தம்பி. நீங்க கிளம்புங்க."

"அந்தக் கூடை?"

"யாருதோ, அநாதையா கிடக்கு."

ஓடுபாதையில் ஆடு விரட்டுகிற ஹெர்மோ அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவள் காதருகிலேயே கத்தினான்: "ஏ கொன்சிங்! நீயா ஏறுறியா, ஆட்டைத் தூக்குற மாதிரி காலைப் பிடிச்சுத் தூக்கட்டுமா?"

ஏறினாள். ஏறியதும் கண்ணை இறுக மூடி, தெரிந்த புனிதர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். விமானி நடுவில் ஏதோ சொன்னது அவள் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஒருவழியாகச் சக்கரம் தரையைத் தொட்டது. கண்ணைத் திறக்காமலே படியிறங்கி, எதிரில் நின்ற ஆளைக் கட்டிக்கொண்டாள்.

"சம்மந்தி! உசுரோட வந்துட்டேன் சம்மந்தி!"

"சம்மந்தியா? நான் ஹெர்மோடி! பாஸ்கோல ஒரே மூடுபனியாம். இறங்க முடியாம திரும்பிட்டாங்க."

கண்ணைத் திறந்தாள். அதே அறை, அதே ஆடுகள்.

"அப்போ போகவும் பறந்தேன், வரவும் பறந்தேனா அண்ணே?"

"ஆமா."

"ஒண்ணுமே ஆகலையே!"

மறுநாள் வானம் தெளிந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் விமானிக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வழிநெடுக மேகம் காட்டிக்கொண்டே போனாள். கல்யாண விருந்தில் கிழங்கையும் மீனையும் தொடாமல், தான் மூன்று தடவை பறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அத்தை காதைப் பொத்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். கொன்சிங்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.