சுக்கானை இழுத்த பிள்ளை

மதுரங்குளிச் சந்தியில் எங்கள் கார் மதகுக் கல்லில் மோதியதற்கு நான் காரணமில்லை. இதை நான் அன்றைக்கே சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட பிறகு இப்போது எழுதிவைக்கிறேன்.

வெள்ளைக்காரனுடைய ஆட்சிக் காலம் அது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன காரை வாப்பா வாங்கியிருந்தார். வாப்பாவுக்குக் கொப்பரா வியாபாரம் தெரியும், கார் ஓட்டத் தெரியாது. ஓட்டியவர் உம்மாவின் தம்பி, என் மாமா. வாடகைக்கு ஆள் ஏற்றிப் புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் போய்வருவார். காரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மாமாவின் குரலே மாறிவிடும். ரோட்டில் நடக்கிற மாடுகூடத் தனக்கு சலாம் சொல்லவேண்டும் என்பதுபோல் பார்ப்பார்.

எனக்கு அப்போது ஏழு வயது. வாப்பாவின் கடைசித் தங்கை, என் மாமி, அவவுக்குப் பள்ளிவாசல்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை மாமா சம்பந்தி வீட்டுக்குப் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது அவர்கள் ஒரு பெரிய ஓலைக் கடகம் நிறையக் கருவாடு கொடுத்தார்கள். பின் ஆசனம் முழுக்கக் கல்யாணப் பாய்களும் பாத்திரங்களும். ஆகவே கடகம் முன் ஆசனத்தில், எனக்கும் மாமாவுக்கும் நடுவே ஏறியது. நான் இடது பக்கக் கதவோடு ஒட்டி நசுங்கிக்கொண்டு வந்தேன். மாமாவின் முகம்கூட எனக்குத் தெரியவில்லை, கருவாடுதான் தெரிந்தது.

சந்தியில் எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு மதகு. அதன் ஓரமாக முழங்கால் உயரத்துக்குக் கல்வரம்பு கட்டியிருந்தார்கள். நல்ல வெயில். கல்லை நான் பார்த்தேன். மாமாவும் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். காரின் இடது முன்சில்லு நேராக உருண்டுபோய் அதில் ஏறியது. சட்டி உடைந்ததுபோல் அடியில் ஒரு சத்தம். முன்காலை மடக்கிப் படுக்கப்போகும் மாட்டைப்போல் கார் இடப்பக்கம் சரிந்து நின்றது. என் நெற்றி கதவில் இடித்து வீங்கிவிட்டது.

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே மாமா சொன்னார்.

“புள்ள சுக்கானப் புடிச்சி இழுத்துட்டா.”

தோணி ஓட்டிப் பழகிய எங்கள் பக்கத்தில் காரின் ஸ்டியரிங்குக்கும் சுக்கான் என்றுதான் பேர்.

பெரியவர்கள் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்லுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாப்பா வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். “நான் தொடவே இல்ல வாப்பா!”

“வாய மூடு. மாமா பொய்யா சொல்றார்?”

உம்மா அதற்கும் மேல். ஒரு கையால் என் நெற்றியில் எண்ணெய் தடவினா, மறு கையால் தொடையில் கிள்ளினா. தம்பியை ஒரு சொல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அழைத்துவரப் போகும் காரில் எனக்கு இடமில்லை என்று அன்று பின்னேரமே தீர்ப்பாகிவிட்டது. அந்தக் காரில் போவதற்கென்றே தைத்த சட்டை அலுமாரிக்குள் தொங்கியது.

காரை மாடு கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சந்திக்கு அப்பாலிருந்த பாஸின் பட்டறையில் விட்டார்கள். கைவேலைக்காரரை எல்லாம் நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இவர் சிலாபத்துக்காரர். வண்டிச் சில்லுக்குப் பட்டை போடுகிற கொல்லராக இருந்து, கார் லொறி திருத்தவும் பழகியவர். மறுநாள் காலையில் வாப்பாவும் மாமாவும் அங்கே போனபோது நானும் விடாமல் பின்னால் போனேன். நான் இல்லாத இடத்தில் என்னைப்பற்றி இன்னும் என்னென்ன சொல்லுவார்களோ, யார் கண்டது?

பாஸ் காரின் முன்பக்கத்தைத் தென்னங்குற்றிகள்மேல் தூக்கிவைத்து, இடது சில்லைக் கழற்றியிருந்தார். உள்ளே, வில்லைப்போல் வளைந்த உருக்குத் தகடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவற்றில் ஆக நீளமானது இரண்டாக முறிந்துகிடந்தது. இரண்டு முன்சில்லுகளையும் சேர்க்கிற இரும்பு அச்சும் பின்னுக்கு வளைந்திருந்தது.

“கொழும்புக்கு எழுதினா சாமான் வர மாசம் ஒண்டு போகும் மொதலாளி,” என்றார் பாஸ். “கல்யாணத்துக்கு ஓடவேணுமெண்டா நான் இங்கயே செய்றன்.”

செய்தார். பழைய லொறி ஒன்றின் வில்லுத்தகட்டை அளவுக்கு வெட்டி, பழுக்கக் காய்ச்சி, வளைத்துத் துளை போட்டார். சிரட்டைக்கரி நெருப்பில் அச்சைச் சிவக்க வைத்து, இரண்டு ஆட்கள் பிடிக்க, சம்மட்டியால் தட்டி நிமிர்த்தினார். ஒவ்வொரு அடிக்கும் பிறகு நூல் பிடித்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி நெருப்பில் வைப்பார். மாமா ஒரு பக்கமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடுவில் பாஸ் முறிந்த தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாப்பாவிடம் சொன்னார். “சுக்கான இழுத்த அடி இல்ல இது. இழுத்திருந்தா சில்லு கல்லோட ஒரசிக்கொண்டு போயிருக்கும். இது கல் இருக்கிறதே தெரியாம நேரா போய் ஏறின அடி.”

நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். “நான் இழுக்கல்ல!”

“எங்க இருந்தீங்க மகள்? ஏறிக் காட்டுங்க.”

ஏறி உட்கார்ந்தேன். நடுவில் கருவாட்டுக் கடகம் இருந்தது என்று சொன்னேன். கரி அள்ளுகிற கடகத்தை எடுத்து அங்கே வைத்தார். “இப்ப சுக்கானப் புடிங்க.”

கையை நீட்டினேன். எட்டிப் படுத்துக்கொண்டும் நீட்டினேன். ஒரு சாண் குறைந்தது.

“எட்டல்ல,” என்றார் பாஸ்.

நான் எல்லாருடைய முகத்தையும் பார்த்தேன். இனி வாப்பா மாமாவை ஏசுவார், என்னைத் தூக்கிக்கொள்வார் என்று காத்திருந்தேன். வாப்பா மாமாவைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்தார்.

“இறங்கு புள்ள,” என்றார் வாப்பா. அவ்வளவுதான்!

பிறகு பாஸ் மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, முகம் திரும்பாதபடி ஒரு கையால் அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களை அவருடைய இடது காதுப் பக்கமாக உயர்த்தினார். “எத்தின விரல்?” மாமா தலையைத் திருப்பப் பார்த்தார். பாஸ் விடவில்லை. மாமா பதில் சொல்லவில்லை. வாப்பா பக்கத்தில் கிடந்த இன்னொரு தென்னங்குற்றியில் மெல்ல உட்கார்ந்துவிட்டார். என் வழக்கு தீராமல் கிடக்கும்போது இந்தப் பெரிய மனிதர்கள் விரல் எண்ணி விளையாடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “நான் இழுக்கல்ல எண்டு எல்லாருக்கும் சொல்லுங்க வாப்பா.”

“ஓம், பாப்பம். ஞாயித்துக்கிழம நீயும் கார்ல வா.”

சொல்லவேயில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளி, “இவதானா சுக்கான இழுத்த புள்ள?” என்று கேட்டுச் சிரித்தார்கள். வாப்பாவும் பக்கத்தில் நின்றார், வாயைத் திறக்கவில்லை.

நான் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகுதான் உம்மா விஷயத்தைச் சொன்னா. மாமாவின் இடது கண் ஒரு வருடமாக மங்கி, அந்த நேரம் முழுதாகவே போயிருந்ததாம். கண் போனவன் என்று ஊர் சொல்லக்கூடாது என்று என் கண்ணில் படாமல் பட்டறைக்குப் பின்னால் வைத்து வாப்பாவின் கையைப் பிடித்து அழுதாராம். வாப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மாமா காரைத் தொடவில்லை. வாப்பா கொப்பரா மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டார். பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆம்பிளையின் மானத்தைக் காப்பாற்ற ஏழு வயதுப் பிள்ளையின் பேர்தானா கிடைத்தது? இந்த வயதிலும் எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸே காரை ஓட்டினார். மாமா பின் ஆசனத்தில் இருந்தார். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு, நான் அவருக்கு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். பள்ளிவாசல்துறை வரைக்கும் அவரைப் பார்த்து நாக்கை நீட்டினேன், கண்ணை உருட்டினேன், மூக்கைச் சுளித்தேன். ஒரு தரமாவது கோபப்படட்டும், ஏசட்டும், அப்போது அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். செய்ததையும் செய்துவிட்டு, என்னைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.