நீக்கச் சொல்லித் தீர்மானம்

நகராட்சி மன்றக் கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்காருகிறவளுக்கு இரண்டு காது போதாது, வாய் மட்டும் இருக்கவே கூடாது. அடுத்தவர் பேச்சை எழுதியே காலம் தள்ளியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் விரல் வலி உங்களுக்குப் புரியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் கோவைக்குத் தெற்கே ஒரு நகராட்சியில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது.

மரியாதை

மூன்றாம் வார்டு உறுப்பினர் பொன்னுசாமி சண்டைக்கு எழுந்தால் தலைவரின் மணிச்சத்தம்கூடக் கேட்காது. ஒருநாள் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்து, உங்க மூஞ்சில முழிச்சா சோறு கெடைக்காதுங்க என்று கத்தினார். கூட்டம் முடிந்து போண்டா வந்ததும் இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் சட்னி தொட்டுச் சாப்பிட்டார்கள். அந்தப் போண்டா வாசத்துக்காகவே கூட்ட நாட்களுக்கு இன்றும் மனம் ஏங்குகிறது.

திட்டியதைக் குறிப்பில் எப்படி எழுதட்டும் என்று அவரிடமே போய்க் கேட்டேன். "அப்படியே எழுதிப்போடுங்க அம்மணி. 'ங்க'வை மட்டும் உட்டுப்போடாதீங்க, மருவாதி தெரியாதவன்னு சொல்லிப்போடுவாங்க."

மனு

அந்தக் கோடையில் குடிநீர்க் குழாய்கள் ஒரு மாதம் காய்ந்து கிடந்தன. கைவண்டியில் டிரம் வைத்துத் தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்றிய அமைப்புகளுக்கு நன்றித் தீர்மானம் போட்டுச் சான்றிதழும் தருவதாகத் தலைவர் அறிவித்தார். விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். பம்ப்செட் பட்டறையில் வேலை பார்த்த கதிர்வேல், தன் குழுவின் மனுவைத் தட்டச்சு செய்து தரச் சொல்லி வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். 'ஆணை விரும்பும் ஆண்பிள்ளைகளுக்கான துணை நண்பர் குழு' என்று எழுதிக் கீழே ஒரு தபால் பெட்டி எண் போட்டிருந்தான். சான்றிதழ் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நகராட்சிப் படிப்பகத்தைக் கேட்கலாம், எங்களுக்குக் கூடிப் பேச வேறு இடமில்லை என்றான். அவர்களில் ஒரு பையன் அதற்கு முந்தின மாதம்தான் பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்திருந்தான்.

எனக்கு அன்று கூச்சமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். இளைஞர் மன்றம் என்று பொதுவாகப் போட்டால் கேள்வியே வராதே தம்பி என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படிப் போட்டா, தனியாக் கெடந்து தவிக்கறவனுக்கு நாங்க இருக்கறது எப்படீங்க்கா தெரியும்?"

ஒற்றுமை

கூட்டத்தில் தலைவர் ஏழு அமைப்புகளின் பெயரை வாசித்தார். கதிர்வேலின் குழு ஆறாவது. பொன்னுசாமி எழுந்துவிட்டார். தண்ணி ஊத்துனது நல்ல காரியந்தானுங்க, ஆனா இந்தப் பேருக்கு நகராட்சி சீல் வெச்சுக் குடுத்தா ஊடு ஊடாப் போயி எப்படிங்க ஓட்டுக் கேக்கறது என்றார். எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அந்த இரண்டு கட்சியும் ஒத்துப்போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

கதிர்வேல் பார்வையாளர் பெஞ்சில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை எடுத்துவிட மற்றவர்கள் கை தூக்கியபோது, ஒன்பதாம் வார்டு சரஸ்வதியம்மா மட்டும் தூக்கவில்லை. "அந்தப் பசங்க தண்ணி கொண்டாந்தப்ப எல்லாருந்தானுங்க கொடத்த நீட்டுனோம். அப்பக் கேக்காத பேரை இப்ப எதுக்குங்க கேக்கறீங்க?"

மேற்படி

பட்டியலிலிருந்து பெயரைச் சத்தமில்லாமல் எடுத்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் தடுத்தது தான்தான் என்று பொன்னுசாமிக்கு வார்டு முழுக்கத் தெரிய வேண்டும், அதனால் தனித் தீர்மானம் கேட்டார். எதிர்க்கட்சிக்காரர் அந்தப் பெருமையைச் சும்மா விட்டுக்கொடுப்பாரா? அவரும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தீர்மானம் என்று வந்துவிட்டால் எதை நீக்குகிறோம் என்பதை எழுதித்தான் நீக்க முடியும். நகலை அலுவலக வாசலிலும் படிப்பகத்திலும் ஒரு வாரம் ஒட்டியும் வைக்க வேண்டும்.

பெயரை ஒரு தடவை எழுதிவிட்டு, அப்புறம் 'மேற்படி குழு' என்று சுருக்குவதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். நான் சுருக்கவில்லை. குழுவின் பெயர் வந்த நான்கு இடத்திலும் முழுப்பெயரைத் தபால் பெட்டி எண்ணோடு, அடியிலிருந்த கார்பன் நகல் வரை பதியும்படி அழுத்தி அடித்தேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே கலகம் அதுதான், நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. மேனேஜர் நிதானமாக வாசித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க அம்மணி, உங்க மிசின்ல 'மேற்படி' மட்டும் தேஞ்சுபோச்சுங்களா?"

நகல்

சான்றிதழ் வரவில்லை, படிப்பகமும் கிடைக்கவில்லை. சந்தை கூடாத நாட்களில் சந்தைப்பேட்டைப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கதிர்வேல் வந்து, அந்தத் தீர்மானத்தின் நகல் ஒன்று வேண்டும் என்றான். உங்களை வேண்டாமென்று சொன்ன தாளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து மூன்று இன்லண்ட் கடிதங்களை எடுத்து என் மேசைமேல் வைத்தான். பிரித்துப் படிக்க எனக்குக் கை வரவில்லை. அவனே சொன்னான். "மூணு பேருமே படிப்பகத்துல ஒட்டுனதப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க. அதுல மதுக்கரைப் பையன் ஒருத்தன், இந்த ஒலகத்துலயே தான் ஒருத்தன்தான் இப்படீன்னு நெனச்சிட்டிருந்தானாமுங்க்கா."

நான் அடித்துத் தள்ளிய தீர்மானங்களில் ஒரு மனுஷனுக்காவது உடனே உபயோகப்பட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, கூடவே கூடாது என்று இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட அந்த ஒன்றுதான்.