தாடை தரம் பார்த்தது

வாயைத் திறக்கச் சொல்வது பல் மருத்துவரின் தொழில். திறந்த வாயிலிருந்து வருவதைப் பொறுத்துக்கொள்வது அவர் தவம். போடியில் நெடுங்காலம் அத்தவம் செய்துவருபவன் நான். உடன் தவமிருக்கும் அன்பர்கள் இதை அறிவீர்கள்.

ஒரே கேள்வி

சிலமலை சின்னச்சாமி ஏலக்காய்க் கடையில் தரம் பார்ப்பவர். ஒரு காயைக் கடித்தால் போதும், அது எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். புகையிலை அடக்கிய இடக்கன்னத்தில் புற்று வந்தது. கீழ்த்தாடையின் இடப்பாதியை எடுத்துவிட்டு, அவர் அளவுக்கே டைட்டானியத்தில் அச்சிட்ட தாடையைப் பொருத்த மதுரையில் ஏற்பாடாயிற்று. வடிவமைப்பில் நானும் உடனிருந்தேன். அனைத்தையும் விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் அய்யா, மறுபடி காயைக் கடிப்பேனா? அத மட்டும் சொல்லுங்க."

"பெருமாள் விட்ட வழி" என்று சொல்லிவைத்தேன். அன்று பூசையில் பாசுரம் இருமுறை தடுமாறியது.

குங்குமம்

வீட்டார்க்குப் புரியட்டும் என்று தாடையின் பிளாஸ்டிக் மாதிரியைக் கொடுத்தனுப்பினேன். திரும்ப வாங்கச் சென்றால், அது சாமி படங்களுக்கு நடுவே சந்தனமும் குங்குமமுமாக வீற்றிருந்தது. எத்தனை முறை கழுவியும் மோவாயில் சிவப்பு போகவில்லை. மதுரையில் அதைக் கையிலெடுத்த அறுவை மருத்துவர் திடுக்கிட்டார்: "என்ன சார், நான் இன்னும் கத்தியே எடுக்கலையே!"

நேரான முகம்

நலமாயிருந்த வலப்பாதியைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பித்தான் இடப்பாதியை வரைந்தோம். பிறவியிலேயே அவர் முகம் சற்றுக் கோணல் என்பதை ஒருவரும் கேட்டறியவில்லை. அறுவை முடிந்து வீக்கம் வடிந்தபின் அவர் மனைவி பாப்பாத்தி நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "இம்புட்டு நேரா இருந்தா நான் யாருகூட அய்யா சண்டை போடுறது?"

சின்னச்சாமி சிரிக்க முயன்றார். தாடை அசைந்தது. எனக்குக் கண் கலங்கியது.

தீர்த்தத்து ஏலக்காய்

கதிர் சிகிச்சை முடிந்து, புதிய தாடையில் பற்களும் ஏறின. கடித்துப் பார்க்கும் நாள் வந்தது. பெருமாள் தீர்த்தத்தில் இடுவதற்கு நான் வைத்திருந்த ஏலக்காயில் ஒன்றை, அவன் நாமத்தைச் சொல்லி நீட்டினேன். இடப்பக்கத்தில் வைத்தார். கண்ணை மூடினார். நறுக்கென்று ஒரு சத்தம். பாப்பாத்தி என் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

மெல்லக் கண் திறந்தவர் என்னைக் கடிந்துகொண்டார்: "ஏன் அய்யா, பெருமாளுக்குப் போன வருசத்துக் காயையா போடுறீக?"

நான் அளவெடுத்த தாடையே என் பக்தியைத் தரம் பிரித்துவிட்டபடியால், அன்று முதல் பெருமாளுக்குப் புதுக்காய்தான்.