விதானையாரின் குடையும் ஸ்னைடர் என்ற பெயரும்

அதைத்தான் சொல்ல வந்தேன் பிள்ளை, நீ வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் வினாகிரி ஊற்றிக் கோழி சமைக்கிறாயே, அந்தப் புளிப்பு மணம் வேலிக்கு மேலால் வந்து மூக்கில் ஏறினால் எனக்கு உன் நினைவு வருவதில்லை, ஸ்னைடர் துரையின் நினைவுதான் வருகிறது. கோபிக்காதே. அந்த மணத்தோடுதான் எங்கள் கொழும்புத்துறை வளவுக்குள் முதன்முதலாகச் சந்தேகம் என்று ஒன்று குடிவந்தது. அதுவரை எங்கள் வீட்டில் சந்தேகப்பட என்ன இருந்தது, பூனை பாலைக் குடித்ததா இல்லையா என்பதைத் தவிர?

வெள்ளைக்காரனும் ஜேர்மன்காரனும் பிடித்த இரண்டாவது பெரிய சண்டை தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. எனக்கு அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஐயா வளவின் கடற்கரைப் பக்கமாக இருந்த சின்ன வீட்டை வாடகைக்குக் கொடுத்திருந்தார். அதில் இருந்தவர்தான் ஸ்னைடர் துரை. துரை என்றால் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் என்று நினைத்துவிடாதே. பறங்கித்தெருவில் பிறந்து வளர்ந்து, றயில் ஓட்டிப் பென்சன் எடுத்த மனிதர். நிறத்தில் எங்கள் ஐயாவைவிடக் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். தமிழை எங்களைப் போலவே கதைப்பார். அவருடைய பெண்சாதியை எல்லோரும் நோனா என்போம். அந்த மனுசிக்குக் கால் இரண்டும் வீங்கிப்போய், யன்னலோரக் கதிரையில் இருந்தபடியே தைத்துக்கொண்டிருப்பா. படலை வரைக்கும் நடந்து வந்ததை நான் கண்டதில்லை. பிள்ளை குட்டியும் இல்லை.

எல்லாம் சந்திக் கடை இராசையாவின் வாயால் வந்தது. அவர் பேப்பரை உரத்து வாசிப்பார், எழுத்துத் தெரியாத நாங்கள் சாமான் வாங்கிற சாட்டில் நின்று கேட்போம். ஒருநாள் சண்டைச் செய்தி வாசித்துக்கொண்டு போனவர், பிடிபட்ட ஒரு ஜேர்மன்காரனின் பெயரில் வந்து நின்றுவிட்டார். அவனுடைய பெயரின் கடைசியிலும் ஸ்னைடர். கடையில் நின்ற அத்தனை பேரும் எங்கள் வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஏது பிள்ளை குடும்பப் பெயர்? தகப்பன் பெயரை முன்னுக்குப் போடுவோம், பிறகு எங்கள் பெயர். எங்கள் பிள்ளைக்கு எங்கள் பெயர் முன்னுக்குப் போகும், தகப்பன் பெயர் விழுந்துவிடும். ஆகவே இரண்டு பேருக்கு ஒட்டுப்பெயர் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரு தகப்பன் பிள்ளைகள் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் மயக்கம் வராது. இராசையா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பிடிபட்டவன் தம்பி, இஞ்சை இருக்கிறவர் தமையன். வயதைப் பாத்தால் சரியாத்தான் கிடக்கு," என்றாராம். அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு மருந்துக்கடைக்கும் அதே பெயர் என்று ஒருவர் சொன்னார், சுவிசேஷம் சொல்ல வந்த ஒருவருக்கும் அதே பெயர் என்று இன்னொருவர் சொன்னார். இந்தத் தகப்பன் ஸ்னைடர் என்கிற கிழவன் எத்தனை இடத்தில் எத்தனை பிள்ளைகளைப் பெற்றுப் பரவ விட்டிருக்கிறான் என்று கடையில் பெரிய கணக்கெடுப்பே நடந்தது.

அம்மாவுக்குச் சொல்லவே வேண்டாம். வினாகிரி மணம் வந்தாலே, "உது கறி மணமோ, வேறை ஏதும் மருந்தோ?" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு வேலியோரம் போய் நிற்பா. துரை கோழிக்கூட்டுக்கு மேலால் ஒரு கம்பி கட்டியிருந்தார், பருந்து வராமல் இருக்கப் பழைய தகரங்களைத் தொங்கவிட. அந்தக் கம்பி கடல் வரைக்கும் கதைக்கும் கம்பி என்று ஊரில் முடிவாகிவிட்டது. கோழி கொக்கரித்தாலும் அதில் ஏதோ சேதி இருக்கிறது என்று நானும் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். முட்டை இட்ட சேதியைத் தவிர வேறொன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆனி மாதம் முடிகிற அளவில் விதானையார் எங்கள் விறாந்தைக்கு வந்தார். ஊருக்கு விதானையார் என்றால் அரசாங்கமே நடந்து வந்த மாதிரி. கக்கத்தில் கறுப்புக் குடை, அது விரியாத நாளிலும் அவரோடு இருக்கும். ஐயாவிடம் அவர் சொன்னது இதுதான்: கொழும்புப் பக்கத்தில் ஜேர்மன்காரரை எல்லாம் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள், இந்த ஆளைப் பற்றித் தான் கச்சேரிக்கு, அந்தப் பெரிய அரசாங்கக் கந்தோருக்கு, அறிவிக்காமல் இருந்தால் தன் உத்தியோகம் போய்விடும், ஆகவே ஆவணி பிறக்க முதல் ஐயா அவர்களை வீட்டை விட்டு எழுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தான் அறிவிப்பேன். ஐயா யன்னலைப் பார்த்தார். நோனா இருந்த இடத்திலிருந்து எங்களுக்குக் கை காட்டினா. அந்த மனுசியைத் தூக்கி வண்டிலில் ஏற்றினாலும் எங்கே கொண்டுபோய் இறக்குவது? துரையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஐயா அதைச் சொல்லிப் பார்த்தார். விதானையார், அப்படியென்றால் ஆளையே கூப்பிடும், நேரே கேட்போம் என்றார்.

துரை வந்து நின்றார். அந்தக் கதையை நான் தூணுக்குப் பின்னால் இருந்து முழுக்கக் கேட்டேன்.

"உம்மடை தேப்பன்ரை பேர் ஸ்னைடரோ?"

"ஓம், அவரும் ஸ்னைடர்தான்."

"அவற்றை தேப்பன்?"

"அவரும் ஸ்னைடர்."

"அப்ப ஆர் காணும் ஸ்னைடர்?"

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது பிழையாய்ப் போயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் சிப்பாயாக வந்த ஒருவன்தான் முதல் ஸ்னைடர் என்றும், ஒல்லாந்தரிடம் கூலிக்குச் சேர்ந்த ஜேர்மன்காரன் அவன் என்றும், கோட்டையில் காவல் நின்று இங்கேயே கலியாணம் முடித்துவிட்டான் என்றும், அவனுடைய பெயர்தான் பிள்ளைக்குப் பிள்ளை வருகிறது என்றும் சொன்னார். உம்முடைய பூட்டனின் சொந்தப் பெயர் என்ன என்று விதானையார் கேட்டார். அது தெரியாது என்றார் துரை. பூட்டனைத் தெரியாது, அவனுக்கும் எத்தனையோ படி மேலே உள்ளவனை மாத்திரம் தெரியும் என்றால் அதை யார் நம்புவது? செத்தவனை இவ்வளவு காலமாக விடாமல் சுமக்கிற சாதி எங்கேயாவது உண்டோ என்று அம்மா உள்ளேயிருந்து முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் துரை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று நினைத்து, இன்னொரு விளக்கம் சொன்னார். "விதானையார், ஸ்னைடர் எண்டால் அந்தப் பாசையிலை தையற்காரன் எண்டுதான் கருத்து. ஊருக்கு ஒரு தையற்காரன் இருப்பான்தானே? எத்தினை ஊரோ அத்தினை ஸ்னைடர். எல்லாரும் எனக்குச் சொந்தமில்லை."

ஐயாவின் முகம் தெளிந்தது. விதானையாரின் முகம் இன்னும் இருண்டது. எங்கள் ஊரில் தொழில் என்பது சட்டை மாதிரிக் கழற்றி வைக்கிற சாமானா? தச்சன் மகன் உளியோடு பிறப்பான், கொல்லன் மகனுக்கு நெருப்புச் சுடாது, இப்படித்தானே அந்தக் காலத்து எண்ணம். தையற்காரன் என்று பெயரிலேயே வைத்திருக்கிறவன் தைக்கத்தானே வேண்டும்! விதானையார் குடையைக் கக்கத்திலிருந்து எடுத்து விரித்தார். ஒரு பக்கம் இரண்டு கம்பிக்கு இடையில் நீளமாகக் கிழிந்திருந்தது.

"நீர் தையற்காரப் பரம்பரை எண்டால் உதைத் தைச்சுக் காட்டும்."

பாவம் அந்த மனிதர். நிலக்கரி அள்ளிய கை, ஒவ்வொரு விரலும் வாழைப்பொத்தி மாதிரி. நோனா யன்னலுக்குள்ளால் கையை நீட்டி, இங்கே தாருங்கள் நான் தைக்கிறேன் என்று கெஞ்சினா. விதானையார் விடவில்லை, பெயர் அவருக்கல்லவா, அவர்தான் தைக்க வேண்டும் என்றார். ஊசியில் நூலைக் கோர்க்கவே துரைக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அதற்குள் வேலிக்கு வெளியே சனம் கூடிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு இராசையாவும் வந்து நின்றார். கடைசியில் துரை சாக்குத் தைக்கிற ஊசியையும் சணல் நூலையும் எடுத்து வந்து, பூட்ஸ் தைக்கிற மாதிரி ஏதோ ஒன்றை இழுத்து முடிந்து கொடுத்தார். குடைக்கு முதுகில் கூன் விழுந்தது. விரித்தால் மடங்காது, மடித்தால் விரியாது.

"கண்டியளோ, புளுகு," என்றார் இராசையா. விதானையார் ஆவணி என்பதை ஐயாவுக்கு நினைவூட்டிவிட்டுப் போனார். அன்று இரவு அம்மா எனக்குச் சோறு போடும்போது, அந்த மனுசன் களவாளிதான், ஆனால் நோனாவுக்கு நாளைக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோய்க் கொடு என்றா. அம்மாவின் சந்தேகமும் இரக்கமும் ஒரே அகப்பையில்தான் வரும்.

இடையில் ஆடி அமாவாசை வந்தது. தகப்பன் இல்லாத ஆண்கள் எல்லாம் கீரிமலைக்குப் போகிற நாள். வீட்டில் அம்மா விடியமுதலே எழும்பிக் காத்தோட்டிக்காய் வெட்டத் தொடங்கிவிட்டா. அந்தக் கைப்பை ஒரு துண்டாவது தின்னாமல் அந்த நாள் முடியாது. எங்கள் திருக்கல் வண்டிலில் ஐயாவும் விதானையாரும் இராசையாவும் போனார்கள், அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். விதானையாருக்கு வேறு குடை இல்லை. கூன் குடையோடுதான் வந்தார். கீரிமலையில் வெயில் கொளுத்தியபோது ஒருமாதிரி இழுத்து விரித்தார், விரித்ததோடு சரி. கேணிப் படிக்கட்டில் நின்ற சனம் அந்தக் குடையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

குளித்துவிட்டு மூவரும் ஈரத்தோடு ஐயர் முன்னால் குந்தினார்கள். நான் காய்ந்த வேட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எள்ளும் தண்ணீரும் கையில் விட்டு ஐயர் பெயர் கேட்டார். தகப்பன் பெயரை விதானையார் கணீரென்று சொன்னார். தகப்பனின் தகப்பன் பெயரையும் சொன்னார். மூன்றாவது பெயர், பூட்டன் பெயர், அதைக் கேட்டபோது வாய் திறந்தபடி நின்றுவிட்டது. இராசையாவைப் பார்த்தார். இராசையா கடலைப் பார்த்தார். ஐயா குனிந்து எள்ளைப் பார்த்தார். ஊரில் ஒவ்வொருவன் பரம்பரையையும் காணி உறுதிப் பத்திரத்தோடு சொல்லக்கூடிய மனிதர் பிள்ளை அவர். கையிலிருந்த தண்ணீர் விரலிடுக்கால் ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையில் சனம் நெருக்கியது. ஐயருக்கு இது பழகிய சங்கதி, பெயர் தெரியாவிட்டால் சுவாமி பெயரைச் சொல்லிவிடுங்கோ என்று மெதுவாகச் சொன்னார். விதானையார் அப்படியே சொன்னார். அவருக்குப் பின்னால் இராசையாவும் சொன்னார். எங்கள் ஐயாவும் அதைத்தான் சொன்னார்.

வெயில் சாய முதல் வண்டிலில் திரும்பினோம். குடை மடங்க மாட்டேன் என்றுவிட்டது. விரித்தபடியே வண்டிலுக்குள் வைத்திருந்ததால் அதன் கம்பி ஒன்று இராசையாவின் காதைக் குத்திக்கொண்டு வந்தது, அவர் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். பாதி வழி தாண்டிய பிறகுதான் ஐயா வாய் திறந்தார், மாட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

"அந்தாளும் எங்களைப் போலைதான், இடையிலை உள்ளதுகளை விட்டிட்டுது. ஆனா முதல் ஆளை மாத்திரம் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

விதானையார் கனநேரம் தலைக்கு மேலே இருந்த சணல் தையலை அண்ணாந்து பார்த்தபடி வந்தார். எங்கள் படலையில் இறங்கும்போது சொன்னார்: "இருக்கட்டும். கோழிக்கூட்டுக் கம்பியை மாத்திரம் கழட்டச் சொல்லும்."

துரை கழற்றினார். அந்தக் கிழமையே பருந்து இரண்டு குஞ்சைக் கொண்டுபோயிற்று. ஆவணி பிறந்தது, போனது, நோனா யன்னலோரத்தில் இருந்தபடியே தைத்தா. கச்சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆனாலும் ஊர்ச் சந்தேகம் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்காதே. சண்டை முடிகிற வரைக்கும் அம்மா வேலியோரம் போய் மணந்து பார்ப்பதை விடவில்லை. நோனா கண்ணை மூடிய பிறகுதான் துரை வீட்டுத் திறப்பை ஐயாவிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குச் சொந்தக்காரரிடம் போனார். பறங்கித்தெருவிலும் இப்போது அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. சின்ன வீட்டில் யன்னல் இருந்த சுவர் மட்டும் நிற்கிறது, அதில் நீ உன் ஆட்டைக் கட்டுகிறாய்.

என் மகன் ஜேர்மனிக்குப் போனபோது அங்கே கந்தோரில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்களாம். இல்லாததைக் கேட்டால் அவன் என்ன செய்வான், தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டான். இப்போது என் மகனுக்கும் அந்தப் பெயர், பேரனுக்கும் அந்தப் பெயர், பேரனின் மகளுக்கும் அந்தப் பெயர். என் வீட்டுக்காரரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். இனி அந்தக் குஞ்சின் முழுப்பெயரையும் என்னால் சொல்ல முடியாது, யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்க வேண்டியதுதான்.

போன கிழமை அந்தக் குஞ்சு ரெலிபோனில் கதைத்தது. அங்கே தெருவுக்குத் தெரு ஸ்னைடர் என்று பெயர்ப்பலகை இருக்கிறதாம். ஆளுக்காள் சொந்தமோ என்று கேட்டேன், இல்லையாம். ஒருவராவது தைப்பாரோ என்று கேட்டேன், தங்களுக்குத் தெரிந்த ஸ்னைடர் பல் பிடுங்குகிறவர் என்றது. நான் சிரித்த சிரிப்பில் ரெலிபோன் விழப் பார்த்தது. பிறகு அது சொன்னது, பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி இவர்களுடைய கதவடியில் நின்று பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, இது என்ன பெயர், முதலில் வைத்திருந்தவர் யார், அவர் என்ன செய்தவர் என்று ஒரு மாதிரியாகக் கேட்டாளாம். முகம் கடுமையாக இருந்ததாம்.

அது முருகனுடைய பெயர், முதலில் வைத்திருந்தவர் உன்ரை பூட்டன், புகையிலைத் தோட்டம் செய்தவர் என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் சொன்னேன்.

"ஆரும் வந்து மண்வெட்டியைத் தந்து கொத்திக் காட்டு எண்டு கேட்டால், மாட்டன் எண்டு சொல்லிப்போடு குஞ்சு."

அதற்கு விளங்கவில்லை. இங்கே பார், பொழுதுபட்டுவிட்டது, என் கோழிகள் எல்லாம் உன் வேலிக்குள்ளால் பூந்து அந்தச் சுவரடியில் கிளறிக்கொண்டு நிற்கின்றன, பருந்தும் சுற்றுகிறது. அந்தப் படலையை ஒருக்கால் திற, நான் வந்து கலைத்து அடைக்கிறேன்.