நான்காவது காலுறை

ஹில்ட்ரூட் வெல்டன் ஒரு நாற்காலியில் முழுதாக அமர்ந்து எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை. விருந்தினருக்கு மது ஊற்றும்போது நின்றிருப்பாள். உண்ணும்போது மேசையோரம் சாய்ந்திருப்பாள். ஞாயிற்றுப் பூசையில் பிறர் முழந்தாளிடும் முன்பே முழந்தாளிட்டு, பிறர் எழும் முன்பே எழுந்துவிடுவாள். வயது ஐம்பத்தெட்டு. காற்றோட்டத்தில் வைத்த அகற்சுடர் போல அவள் உடல் எந்நேரமும் அசைந்துகொண்டே இருக்கும்.

மோசல் ஆறு வளையும் இடத்தில், தேவாலயத்துக்கு நேர்மேலே எழும் செங்குத்தான மலையில் வெல்டன் குடும்பத்தின் திராட்சைக் கொடிகள் நிற்கின்றன. மணியோசை முதலில் சென்று மோதுவது அங்கே என்பதால் அதற்கு மணிச்சரிவு என்று பெயர். கொடிகளும் கற்சுவர்களும் தம்பி ரைமுண்டின் பொறுப்பு. நிலவறையும் பீப்பாய்களும் அக்காள் ஹில்ட்ரூட்டின் பொறுப்பு. தந்தையார் மறைந்தபின் இருவரும் செய்துகொண்ட பங்கீடு அது. சென்ற இலையுதிர்காலம் வரையில் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வாய் திறந்ததில்லை.

அந்த அறுவடையில் ஹில்ட்ரூட் மணிச்சரிவின் சாறு முழுவதையும் ஒரு மரப்பீப்பாயில் நிரப்பி, வழக்கமாகத் தூவும் ஈஸ்டைத் தூவாமல், தானே நொதிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எஃகுத் தொட்டியில் சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பனிக்காலத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு நீண்டது. பீப்பாய் சிலநாள் முணுமுணுக்கும், பிறகு ஊமையாகிவிடும். ஊமையான நாட்களில் அவளுக்கு உறக்கம் வாராது. நாள்தோறும் அடைப்பைத் திறந்து, கண்ணாடிக் குழலால் ஒரு வாய் உறிஞ்சியெடுத்து, நின்றபடியே சுவைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுவாள். வசந்தம் வந்தபோது இனிப்பு முற்றும் தீர்ந்திருந்தது. வீட்டு மதுவோ பரம்பரையாகச் சற்றே இனிப்பது.

ரைமுண்ட் ஒரு கோப்பை அருந்திப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

“மணிச்சரிவுன்னு சொல்லி வாங்குறவங்க வருசா வருசம் அதே ருசிக்குத்தான் வர்றாங்க அக்கா. இது என்ன ருசின்னு உனக்கே தெரியுமா?”

“எனக்குத் தெரியும்டா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

“நீ எங்க தூங்குற? சரி, சனிக்கிழமை மேசையில வெச்சுப் பாப்போம். பாதிப் பேருக்கு மேல இதைத்தான் கொள்ளையன்னு சொன்னா மலைப்பேரு கிடையாது. லிட்டர் பாட்டிலுக்குப் போயிடணும்.”

“சரி.”

“நீயும் ஓட்டுப் போடணும். எல்லாரையும் மாதிரி உக்காந்து.”

“உக்காந்தா!” என்றாள் ஹில்ட்ரூட், அது ஒன்றே கடுமையான நிபந்தனை என்பதுபோல.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை புதுமது சுவைப்பது எங்கள் ஊர் வழக்கம். புட்டிகளுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பது யாருடையதென்று தெரியாது. ஊர்ப் புட்டிகளுக்கிடையே அயல்நாட்டு மது ஒன்றும் ஒளிந்திருக்கும். கொள்ளையன் என்பது அதன் பெயர். அதைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. ஆனால் இவ்வாண்டு ஹில்ட்ரூட்டுக்கு அது விளையாட்டாக இல்லை. லிட்டர் பாட்டில் என்பது மிச்சம் மீதியெல்லாம் ஒன்றாகக் கலந்து, ஊரும் பேரும் இன்றி விலைபோவது. ஒரு பனிக்காலத்து உழைப்பு அதில் கரைந்துவிடும்.

மேசையில் நாங்கள் ஐவர்: அக்காளும் தம்பியும், அடுத்த தோட்டத்து ஓட்மார், கைம்பெண் வால்புர்கா, நான். புட்டிகளுக்குக் காலுறை மாட்டியவள் ரைமுண்டின் மனைவி மார்லீஸ். அவளே ஊற்றினாள்; அவளுக்கு வாக்கு இல்லை. நாவின் ருசியை மாற்றிக்கொள்ள ரொட்டித் துண்டுகள், துப்புவதற்கு ஒரு மண்சாடி. ஓட்மார் சாடியைத் தொடவே இல்லை.

“துப்புடா, இன்னும் நாலு இருக்கு” என்றாள் வால்புர்கா.

“கடவுள் குடுத்ததைத் துப்பினா பாவம் பாட்டி.”

ஹில்ட்ரூட் இருக்கையின் நுனியில் இருந்தாள். முதற் கோப்பையை மோந்தாள், வைத்தாள், மீண்டும் எடுத்தாள். இரண்டாவதற்கு அவள் கால் மேசைக்கடியில் தட்டத் தொடங்கியது, கோப்பைகள் சிணுங்கின. மூன்றாவதை நாவில் வைத்ததும் அவள் முகம் தெளிந்தது. தன் பீப்பாயைக் கண்டுகொண்டதாக அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. நான்காவதில் கால் தட்டுவது நின்றது. அவள் எதையோ கேட்பவள்போலச் சிறிது நேரம் இருந்தாள். ஐந்தாவதை அவசரமாக விழுங்கினாள்.

“நாலு,” என்றார் ஓட்மார். “சத்தியமா ஆஸ்திரியாக்காரன் வேலை.”

“நாலுதான். நம்ம ஊரு வைன் இவ்வளவு நேரம் தொண்டையில நிக்காது. நம்ம ஊரு ஆம்பளைங்க மாதிரி, வந்த வேகத்துல போயிடும்” என்றாள் வால்புர்கா.

ரைமுண்ட் தன் நான்காம் கோப்பையை நெடுநேரம் பார்த்தான். “ரெண்டு” என்றான். நானும் இரண்டு என்றேன்; எனக்கு அது வெறும் ஊகம்.

ஹில்ட்ரூட் எழுந்தேவிட்டாள். “நாலு! இதைச் செஞ்சவன் நம்ம ஊர்க்காரனே இல்ல. அவசரம்னா என்னன்னே தெரியாத ஆளு. நல்லாத்தான் செஞ்சிருக்கான், பாவி.”

மார்லீஸின் கை காலுறைமேல் நின்றுவிட்டது. “அண்ணி, இன்னொரு தடவை வேணா குடிச்சுப் பாருங்களேன்.”

“பாத்தாச்சு. உருவு.”

காலுறை கழன்றது. ஒட்டுச்சீட்டு இல்லாத புட்டி. சுண்ணக்கட்டியால் எழுதிய பீப்பாய் எண். அவளுடைய பீப்பாய். இரண்டாவதில் இருந்தது பிரான்சின் அல்சாஸ் பகுதி மது.

ஓட்மார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்காள் தம்பி நிபந்தனை எங்கள் எல்லோருக்கும் தெரியும்; அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு பாதியில் அறுந்தது. “செஞ்சவளோட ஓட்டு செல்லாதுப்பா. எந்த ஊரு நியாயம் இது?”

“நான் வேணா மூணுன்னு மாத்திக்கிறேன்டி” என்றாள் வால்புர்கா.

“வாக்கு என்ன காலுறையா, கழட்டி மாத்துறதுக்கு? மூணு ஓட்டு. எண்ணிக்குங்க” என்று சொல்லிவிட்டு ஹில்ட்ரூட் அழுக்குக் கோப்பைகளைத் திரட்டிக்கொண்டு உள்ளே போனாள். கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பின்னர் நடந்ததை ரைமுண்ட் எனக்குச் சொன்னான். மறுநாள் காலை பூசைக்கான மேலங்கியோடு அவன் நிலவறைக்குள் இறங்கியபோது, பீப்பாயின் வாயில் குழாய் செருகியிருந்தது. மறுமுனை லிட்டர்த் தொட்டிக்குள் இருந்தது. அக்காளின் கை இறைப்பானின் விசைமேல் இருந்தது.

“பூசைக்கு முன்னாடியே முடிச்சிடப் பாக்குறியா?”

“சொன்ன வாக்கு. என் நாக்கே அதை வேத்தாள்னு சொல்லிடுச்சு. இதுக்கு மேல என்ன?”

“நான் ரெண்டுன்னு சொன்னேன் அக்கா.”

“ஆமா. அதிர்ஷ்டக்காரன்.”

“அதிர்ஷ்டமில்ல. நாலை மூக்குகிட்ட கொண்டுபோனதும் தெரிஞ்சிடுச்சு. மழை விட்டதும் வெயில் அடிக்குமே, அப்ப நம்ம சுவர்க்கல்லுல ஒரு வாசம் வரும். வருசா வருசம் அந்தக் கல்லைச் சரி பண்ணி அடுக்குறவன் நான். நான் ‘நாலு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே ஜெயிச்சிருப்பேன். வாய் வரல.”

ஹில்ட்ரூட்டின் கை விசையிலிருந்து நழுவியது. “உனக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன்டா தெரியல? குளிர்காலம் பூரா இதோடதானே கிடந்தேன்?”

“நீ எப்பவும் இந்தக் குளிர்ல, நின்னுக்கிட்டே, ஒரே ஒரு வாய். மார்லீஸ் முந்தின நாளே எடுத்து அடுப்பங்கரையில வெச்சுட்டா. குளிர் விட்டு, குமிழெல்லாம் அடங்கி நீ அதைப் பாத்ததே இல்ல. நிபந்தனை நான் போட்டது. நானே அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“எனக்குப் பிச்சை வேண்டாம்.”

அவள் பீப்பாய்க்குள் கண்ணாடிக் குழலை விட்டு ஒரு கோப்பை நிரப்பினாள். பெட்டியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்தாள். அருந்தவில்லை. கோப்பையை இரு உள்ளங்கைகளுக்குள்ளும் பொதிந்துகொண்டாள். மேலே முதல் மணி அடித்தது. அவளுடைய கால் தரையில் தட்டத் தொடங்கிற்று. கண் படிக்கட்டுக்கும் பீப்பாய்க்குமாக அலைந்தது. இருமுறை எழப்போய் மீண்டும் அமர்ந்தாள்.

“ஆச்சா?” என்றான் தம்பி.

“இல்ல. பேசாதே.”

இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்தது. மலையடிவாரத்து நிலவறைக்குள் அதன் அதிர்வு கற்களினூடே இறங்கி வந்தது. கோப்பையின் கண்ணாடியில் படிந்திருந்த பனி முழுதும் மறைந்த பிறகே அவள் அதை உதட்டருகே கொண்டுபோனாள். நெடுநேரம் மோந்தாள். ஒரு வாய் எடுத்து, விழுங்கி, காத்திருந்தாள்.

எழுந்து குழாயை உருவினாள். அடைப்பை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

“மணிச்சரிவுன்னே போடு” என்றாள். “சுவர் வாசம் எனக்கும் வருது.”

அவர்கள் தேவாலயத்துக்குள் வந்தபோது நற்செய்தி வாசகம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நின்றிருந்தோம். அவள் சட்டைக் கைநுனிகள் மதுவில் நனைந்து ஈரமாக இருந்தன. முன்வரிசையிலிருந்து ஓட்மார் திரும்பி, கொட்டிவிட்டாயா என்று புருவத்தை உயர்த்தினார். இல்லையென்று அவள் தலையசைத்தாள். வாசகத்தின் நடுவே, சற்றும் பொருந்தாத இடத்தில், ஓட்மார் பெரிதாகச் சிலுவை வரைந்துகொண்டார்.